காலையில் போட்ட பில்லுக்கு 97 நாள் பாக்கி: விண்டோஸ் ஸ்டெப்ஸ் ரெக்கார்டர், ஒரு பில்லிங் மேசையிலிருந்து

திருநெல்வேலியில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில்லிங்கும் கணக்கும் பார்க்கிறேன். 17 வருடமாக இதே வேலை. கவுண்டர் இரண்டு. முதல் கவுண்டரில் நான், இரண்டாவதில் ஒரு தம்பி. இரண்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 60 பில் ஓடும். பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, 10க்கு 1 ஃப்ரீ, 21 நாள் கடன் என்று எல்லாவற்றையும் ஒரு சாஃப்ட்வேர்தான் தாங்குகிறது. அதன் பெயர் வேண்டாம். அதைச் செய்தவர்கள் நல்ல மனிதர்கள், இன்றைக்கும் அவர்களோடுதான் ஓட்டுகிறோம்.

இங்கே நான் எழுத வந்தது வேறொரு சாஃப்ட்வேரைப் பற்றி. ஸ்டெப்ஸ் ரெக்கார்டர். விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களிடம் இது ஏற்கெனவே இருக்கிறது, காசு கிடையாது, தனியாக இறக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இருப்பது தெரிந்தவர்கள் குறைவு. எனக்கே 2025 ஆகஸ்ட் வரை தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, அதைச் சாஃப்ட்வேர்காரருக்குப் புரியவைக்க முடியவில்லை என்று தவிப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூலையில் நடந்ததைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும்.

ஜூன் கடைசியில் இரண்டாம் கவுண்டருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். ஜூலை 1ஆம் தேதியிலிருந்து அதில் பில் போட ஆரம்பித்தோம். 3ஆம் தேதி காலையிலேயே பிரச்சினை வந்துவிட்டது. நேற்று சரக்கு எடுத்த கடைக்கு இன்று பில் போடப் போனால் ‘கிரெடிட் லாக்’ என்று நிற்கிறது, அதாவது கடன் நாள் தாண்டிய பாக்கி இருக்கிறது என்று புது பில்லைத் தடுக்கிறது. பாக்கிப் பட்டியலைத் திறந்தால், முந்தின நாள் போட்ட பில் நாலு மாதமாகக் கட்டப்படாதது போல் காட்டுகிறது. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கையில் இருக்கும் பில் நகலில் தேதி சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது.

உடனே சாஃப்ட்வேர் கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதினேன். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. “டேட்டாபேஸ் கரப்ட் ஆகிவிட்டது. கிரெடிட் லாக் தானாக விழுகிறது. ரொம்ப அவசரம், உடனே பாருங்கள்.” கூடவே மானிட்டரைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். லாக் என்ற சிவப்புப் பெட்டி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அதை மட்டும் நெருக்கிப் பிடித்தேன். மற்றதெல்லாம் படத்துக்கு வெளியே போய்விட்டது.

டேட்டாபேஸ் கரப்ட் என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒருமுறை அப்படி ஆகியிருந்தது, அந்த நினைப்புதான். ஆனால் நான் அதைச் சந்தேகமாகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டது போல எழுதினேன். 17 வருடம் இந்த வேலையில் இருப்பவர் சொன்னால் அவர்களும் நம்பத்தானே செய்வார்கள். 5ஆம் தேதி சனிக்கிழமை இரவு ரிமோட்டில் வந்து, டேட்டாபேஸை மறுபடி ஒழுங்குபடுத்தும் ரீஇண்டெக்ஸ் என்ற வேலையை விடிய விடிய ஓட்டினார்கள். 6ஆம் தேதி ஞாயிறு, கடை விடுமுறை. 7ஆம் தேதி திங்கள், ஒரு பில்லில்கூடத் தவறில்லை. 8, 9 தேதிகளிலும் புது பில் எதற்கும் லாக் விழவில்லை. பழைய லாக்குகளைக் கையால் எடுத்துவிட்டு, சரியாகிவிட்டது, நன்றி என்று செய்தி அனுப்பினேன்.

11ஆம் தேதி வேறொரு தொல்லை. அந்த வாரத்து விற்பனையைக் கூட்டிப் பார்த்தால் குறைகிறது. 8ஆம் தேதியிலிருந்து இரண்டாம் கவுண்டரில் போட்ட பில்கள் ஜூலைப் பதிவேட்டில் இல்லவே இல்லை. பில் எண்ணைத் தட்டினால் வருகிறது, மாத விற்பனையில் வருவதில்லை. இது புதுக் கோளாறு என்று நினைத்து, “பில் காணாமல் போகிறது” என்று தனிப் புகார் கொடுத்தேன். அதை அங்கே வேறொருவர் எடுத்துக்கொண்டார். அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் வரவில்லை என்று பதில் வந்தது. 13ஆம் தேதிக்குப் பிறகு இங்கேயும் வரவில்லை. மாதக் கடைசி வரை நிம்மதி.

ஆகஸ்ட் 1ஆம் தேதி மறுபடியும் லாக். 4ஆம் தேதி திங்கட்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மெடிக்கல்காரர் காலையில் ஒரு பில்லுக்குச் சரக்கு எடுத்துப் போனார், விட்டுப்போன இரண்டு மருந்துக்காக மதியம் திரும்பி வந்தார். 20 வருடமாக எங்களிடம் எடுப்பவர், சொன்ன தேதிக்குப் பணம் தருபவர். கவுண்டர் தம்பி திரையைப் பார்த்து, “உங்களுக்கு 97 நாள் பாக்கி நிக்குது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டான். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “நான் எப்பப்பா பாக்கி வச்சேன்?” என்றார். அந்தக் கேள்வி எனக்கு அன்று முழுக்கக் காதிலேயே நின்றது. 97 நாள் என்று காட்டியது, அன்று காலையில் போட்ட அதே பில்லைத்தான்.

அன்று கம்பெனிக்கு போன் செய்தபோது எடுத்தவர் புரோகிராம் எழுதுபவரே. நான் மறுபடி டேட்டாபேஸ் என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அக்கா, காரணத்தை நான் தேடிக்கிறேன். நீங்க பில் போடுறப்ப என்ன பண்றீங்க, திரையில என்ன வருதுன்னு முதல்லருந்து கடைசி வரை அப்படியே எனக்கு வேணும்.” அப்புறம் ஸ்டெப்ஸ் ரெக்கார்டரைத் திறக்கச் சொன்னார்.

திறப்பது மிகச் சுலபம். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு ஆர் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் பி, எஸ், ஆர் என்ற 3 ஆங்கில எழுத்துகளை அடித்து எண்டர் தட்ட வேண்டும். ஒரு விரல் அகலத்துக்கு நீளமான பட்டை தோன்றும். ‘ஸ்டார்ட் ரெக்கார்ட்’, ‘ஸ்டாப் ரெக்கார்ட்’, ‘ஆட் கமெண்ட்’ என்று மூன்றே பட்டன்கள். ஸ்டார்ட் தட்டிவிட்டு நம் வேலையை வழக்கம்போலச் செய்ய வேண்டியதுதான். ஒவ்வொரு கிளிக்குக்கும் முழுத் திரையையும் அது படம் எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் கிளிக் செய்தோமோ அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடுகிறது. படத்துக்கு மேலே, இத்தனையாவது படி, இந்த நேரம், இந்த ஜன்னலில் இந்தப் பட்டனை இடது கிளிக் செய்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுகிறது. ஸ்டாப் தட்டியதும் எல்லாம் வரிசையாக ஒரே பக்கமாக வந்துவிடும். கடைசியில், எந்த புரோகிராம், அதன் எந்த வெர்ஷன், விண்டோஸ் எந்த வெர்ஷன் என்ற விவரங்களும் தானாகவே சேர்ந்திருக்கும். ஜிப் ஃபைலாகச் சேமித்து மெயிலில் அனுப்பிவிடலாம்.

இது 2009இல் விண்டோஸ் 7 கூடவே வந்தது. அப்போது இதன் பெயர் ப்ராப்ளம் ஸ்டெப்ஸ் ரெக்கார்டர். அந்த மூன்று எழுத்துகள் அதிலிருந்துதான். விண்டோஸ் 8இல் பெயரில் இருந்த ப்ராப்ளத்தை எடுத்துவிட்டார்கள். பழைய பெயர்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, பிரச்சினை வரும்போதுதானே இதைத் தேடுகிறோம்.

தம்பியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு பில் போட்டுப் பதிந்தேன். பார்ட்டியை, அதாவது சரக்கு வாங்கும் கடையைத் தேர்ந்தெடுத்தது, மருந்தைச் சேர்த்தது, சேவ் செய்தது, அப்புறம் பாக்கிப் பட்டியலைத் திறந்து 97 என்று வருவதைக் காட்டியது. மொத்தம் 14 படி. அனுப்பி 20 நிமிடத்தில் போன் வந்தது.

“அக்கா, அந்தக் கம்ப்யூட்டர்ல கீழ வலது மூலையில தேதி எப்படி இருக்கு?”

பார்த்தேன். 8/4/2025.

“உங்க கம்ப்யூட்டர்ல?”

எழுந்து போய்ப் பார்த்தேன். 04-08-2025.

அவ்வளவுதான் விஷயம். புதுக் கம்ப்யூட்டரை நிறுவித் தந்தவர், வட்டார அமைப்பில் ‘ஆங்கிலம், அமெரிக்கா’ என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். அமெரிக்க முறையில் மாதம் முதலில், நாள் அடுத்து. நாங்கள் 04-08 என்று பில்லில் போடும் ஆகஸ்ட் 4ஆம் தேதியை அந்தக் கம்ப்யூட்டர் ஏப்ரல் 8 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதோடு 21 நாள் கூட்டினால் ஏப்ரல் 29. அங்கிருந்து ஆகஸ்ட் 4 வரை எண்ணினால் 97 நாள். அச்சாகும் பில்லில் நாம் அடித்த எழுத்து அப்படியே வருவதால் அதில் தவறு தெரியவில்லை. உள்ளே பதிவாவதில்தான் மாறிப்போயிருக்கிறது.

அவர் விளக்க விளக்க, ஜூலையில் நடந்ததெல்லாம் எனக்கு வரிசையாக விளங்கியது. ஜூலை 1 முதல் 5 வரை போட்டவை ஜனவரி 7, பிப்ரவரி 7, மார்ச் 7, ஏப்ரல் 7, மே 7 என்று கடந்த மாதங்களுக்குப் போய்விட்டன, அதனால் லாக். 8 முதல் 12 வரை போட்டவை ஆகஸ்ட் 7, செப்டம்பர் 7 என்று டிசம்பர் வரை முன்னால் போய்விட்டன, அதனால் ஜூலைப் பதிவேட்டில் இல்லை. 7ஆம் தேதி? 07-07. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினாலும் அதே தேதி. அன்று எல்லாம் ஒழுங்காக இருந்ததற்கு ரீஇண்டெக்ஸ் காரணமே இல்லை. 12க்கு மேல் மாதமே கிடையாது என்பதால், பழைய விஷுவல் பேசிக்கில் எழுதிய புரோகிராம்கள் அப்போது மட்டும் நாள் முதலில் என்று தானாகவே மாற்றிப் படித்துக்கொள்ளுமாம். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதியோடு நோய் மறைந்துவிடுகிறது.

நான் இரண்டாகக் கொடுத்த புகார்கள் உண்மையில் ஒன்றுதான். ஒரு மாதமாகப் பிடிபடாமல் போன அந்தக் கோளாறின் தடயம் முதல் நாளிலிருந்தே திரையின் மூலையில் இருந்தது. நான் நெருக்கிப் பிடித்த படங்கள் ஒன்றிலும் அந்த மூலை வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் எனக்குப் பெரிய பொருளாகத் தெரிகிறது. எது முக்கியம், எது தேவையில்லை என்று அது முடிவெடுப்பதில்லை. முழுத் திரையையும் எடுக்கிறது, நேரத்தைக் குறிக்கிறது, செய்ததைச் செய்த வரிசையில் வைக்கிறது. நாம் சொல்லும்போது அப்படி நடப்பதில்லை. நமக்கு முக்கியம் என்று தோன்றுவதை மட்டும் பொறுக்கிச் சொல்கிறோம், அதற்கு ஒரு காரணத்தையும் நாமே வைத்துவிடுகிறோம். புரோகிராம் எழுதியவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எது கண்ணில் பட்டிருக்குமோ, அது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். டாக்டரிடம் போய் எனக்கு டைஃபாய்டு என்று ஆரம்பிப்பதற்கும், மூன்று நாளாகச் சாயங்காலம் மட்டும் காய்ச்சல் வருகிறது என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அந்தக் கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பை ‘ஆங்கிலம், இந்தியா’ என்று மாற்றினோம். தவறாகப் பதிவான பில்கள் 260க்குக் கொஞ்சம் மேல். அவற்றைத் திருத்த அவர்கள் ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்பினார்கள். ஜூலை மாதத்து ஜிஎஸ்டிஆர் 1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனை விவரம், தாக்கல் செய்ய ஆகஸ்ட் 11 கடைசி நாள், அதற்குள் எல்லாம் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து வந்த அப்டேட்டில், எந்த நாட்டு அமைப்பாக இருந்தாலும் தேதி மாறாத மாதிரி சாஃப்ட்வேரிலேயே சரிசெய்துவிட்டார்கள். பாளையங்கோட்டை அண்ணாச்சியிடம் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

இனி இதன் குறைகள். பயன்படுத்துபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை.

நாம் என்ன எழுத்தை அடிக்கிறோம் என்பதை இது எழுதிவைக்காது. விசைப்பலகையில் ஏதோ அடித்தார் என்று மட்டும் வரும். எஃப் 2, எஃப் 8 போன்ற பட்டன்களும், கன்ட்ரோல் எஸ் போன்ற குறுக்குவழிகளும் மட்டும்தான் பெயரோடு பதிவாகும். பாஸ்வேர்ட் வெளியே போகாமல் இருக்க இது நல்லது. ஆனால் பில்லிங்கில் பாதி வேலை எண்களை அடிப்பதுதான். ரேட் கட்டத்தில் 12.50 என்று அடித்தேனா, 12.5 என்று அடித்தேனா என்பதே சில சமயம் கோளாறுக்குக் காரணமாக இருக்கும். அடித்தது அடுத்த படத்தில் திரையில் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ‘ஆட் கமெண்ட்’ தட்டி நாமே எழுத வேண்டும். அதைத் தட்டினால் திரையில் ஒரு இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டவும் முடியும், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம். தமிழிலும் எழுதலாம், நான் தமிழில்தான் எழுதுகிறேன்.

படங்களின் எண்ணிக்கை இன்னொன்று. முதலில் இருக்கும் அமைப்பில் கடைசி 25 படங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். நீளமான வேலையைப் பதிந்தால் ஆரம்பத்துப் படங்கள் போய்விடும். பட்டையின் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டி, செட்டிங்ஸில் இந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். நான் 100 வைத்திருக்கிறேன். ஆனால் இந்த அளவு கூட்ட வேண்டிய தேவையே வரக்கூடாது என்பது என் அனுபவம். கோளாறு வருவதற்குக் குறைந்தபட்சம் எத்தனை படி வேண்டும் என்று முதலில் பதியாமலே இரண்டு மூன்று தடவை செய்து பார்க்கிறேன். 8 மருந்து உள்ள பில்லில் வருகிறதா, ஒரே மருந்து வைத்தாலும் வருகிறதா? எல்லாப் பார்ட்டிக்கும் வருகிறதா, ஒருவருக்கு மட்டுமா? இப்படிச் சுருக்கச் சுருக்க எதிரில் இருப்பவரின் நேரம் மிச்சமாகிறது. சில சமயம் சுருக்கும்போதே நமக்குக் காரணமும் பிடிபட்டுவிடும்.

சேமிக்கும் ஃபைல் எம்.எச்.டி என்ற பழைய வகை. போனில் அதைத் திறப்பது சிரமம். அனுப்புவதற்கு முன் கம்ப்யூட்டரில் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிடிஎஃப் ஆக மாற்றி இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடும் புரோகிராமைப் பதிய வேண்டுமென்றால் ரெக்கார்டரையும் அதே உரிமையோடு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் ஓட்டை விழும்.

முழுத் திரையையும் எடுக்கும் என்பது நன்மை என்றேன். அதுவே ஆபத்தும்கூட. எங்கள் திரையில் பார்ட்டிகளின் பாக்கி, மருந்து உரிம எண், ஜிஎஸ்டி எண், கொள்முதல் விலை எல்லாம் தெரியும். பக்கத்தில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் அதுவும் பதிவாகும். எடுத்த பிறகு எதையும் மறைக்க இதில் வசதி இல்லை. அதனால் ‘டெஸ்ட் பார்ட்டி’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மற்ற ஜன்னல்களை மூடிவிட்டு அந்தக் கணக்கில் பில் போட்டுத்தான் பதிகிறேன். கோளாறு உண்மையான பார்ட்டிக்கு மட்டும் வருகிறது என்றால், அதுவும் ஒரு தகவல்தான், அதை எழுதிவிடுகிறேன்.

ரெக்கார்டர் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. என்ன நடந்தது என்று அது காட்டும். என்ன நடந்திருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. 14 படியையும் பார்த்துவிட்டு, இதில் தவறு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. 97 நாள் பாக்கி என்று படத்தில் இருந்தால், அது தவறு என்று கடையில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும். அதனால் மெயிலில் நான் எழுதுவது சுருக்கமாக இருந்தாலும் இந்த விஷயம் விடுபடாது: வர வேண்டியது இது, வந்தது இது.

செப்டம்பரில் இது கை கொடுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது தெரியும்தானே. அந்த வாரம் எங்கள் மாதிரிக் கடைகளில் தலைக்கு மேல் வேலை. ஆகஸ்டில் எடுத்த சரக்கை ஒரு மெடிக்கல்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். பழைய பில்லை வைத்து எடுக்கும் ரிட்டர்ன் என்றால், திருப்பிய சரக்குக்கு நாங்கள் தரும் கிரெடிட் நோட்டில் அந்த பில்லில் போட்ட 12 சதவீதமே வர வேண்டும். 5 வந்தது. முன்பு மாதிரி இருந்தால் ‘ஜிஎஸ்டி தப்பாக வருகிறது’ என்று ஒரு வரி அனுப்பியிருப்பேன். அந்த வாரத்தில் அதே வரி எத்தனை கடையிலிருந்து அவர்களுக்குப் போயிருக்குமோ!

நிதானமாக உட்கார்ந்து இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். முதலில் பில் எண்ணைக் கொடுத்து ரிட்டர்ன் எடுத்தால் 12 சரியாக வருகிறது. மருந்தின் பெயரை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் பில் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் 5 வருகிறது. சரியாக வருவதையும் தவறாக வருவதையும் தனித்தனியாகப் பதிந்தேன், ஒவ்வொன்றும் 6 படி. மெயிலில் எழுதியது இவ்வளவுதான்: “ஆகஸ்ட் பில்லுக்கு ரிட்டர்ன். வர வேண்டியது 12 சதவீதம். பில் எண் முதலில் கொடுத்தால் 12 வருகிறது, முதல் பதிவு. மருந்து முதலில் கொடுத்தால் 5 வருகிறது, இரண்டாம் பதிவு. இரண்டு கவுண்டரிலும் அப்படித்தான். அதுவரை பில் எண் வழியாகவே போடுகிறோம், வேலை நிற்கவில்லை.” அன்று மதியத்துக்குள் திருத்தம் வந்துவிட்டது. வந்ததும் அதே 6 படியை மறுபடி செய்து பார்த்து, 12 வருகிறது என்று பதில் போட்டேன். இந்தப் பதிலைப் போடாமல் விடக்கூடாது. சரியானதா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பக்கம் ஒருவர் காத்திருப்பார்.

வேலை நிற்கவில்லை என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் நான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் ‘அவசரம்’ இருக்கும். எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் எடுப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்போது கடை நின்றால் கடை நிற்கிறது என்கிறேன், மாற்று வழி இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோவாக எடுத்து அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 11இல் ஸ்னிப்பிங் டூலிலேயே திரையை வீடியோ எடுக்கலாம். எக்ஸ்பாக்ஸ் கேம் பார் என்றும் ஒன்று இருக்கிறது, அது ஒரு புரோகிராமின் ஜன்னலை மட்டும்தான் எடுக்கும், டெஸ்க்டாப்பை எடுக்காது. தோன்றி மறையும் எச்சரிக்கை, ஹேங் ஆகி நிற்கும் நேரம் போன்றவற்றுக்கு வீடியோ நல்லது. மற்றபடி எனக்குப் படிகளே பிடித்திருக்கிறது. 4 நிமிட வீடியோவில் ஒரு நொடியைத் தேட அவர் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். படியாக இருந்தால் 9ஆம் படியைப் பாருங்கள் என்று போனில் சொன்னால் போதும். வீடியோதான் எடுப்பீர்கள் என்றால், தயவுசெய்து முழுத் திரையையும் எடுங்கள், அந்த வலது மூலை உட்பட.

வருத்தமான செய்தி ஒன்று. ஸ்டெப்ஸ் ரெக்கார்டரை இனி மேம்படுத்தப் போவதில்லை, வரப்போகும் விண்டோஸ் ஒன்றில் எடுத்துவிடுவோம் என்று மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது. ஸ்னிப்பிங் டூல், கேம் பார், கிளிப்சாம்ப் மூன்றையும் மாற்றாகச் சொல்கிறார்கள். மூன்றுமே படத்தையோ வீடியோவையோ எடுப்பவை. இந்தப் பட்டனை இந்த நேரத்தில் கிளிக் செய்தார் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி எழுதித் தரும் வேலைக்கு அவற்றில் ஈடு இல்லை. எங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இன்னும் இருக்கிறது. எடுத்துவிட்டால், ஒவ்வொரு படிக்கும் விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் படம் எடுத்து, கீழே நானே எழுதிக்கொள்வேன். நேரம் ஆகும், ஆனால் என்ன எழுத வேண்டும் என்று இப்போது தெரியும்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 4 கொடுப்பேன். அடித்த எண்கள் வராததற்கும், போனில் திறக்க முடியாததற்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன்.

இரண்டு கவுண்டரிலும் டெஸ்க்டாப்பில் இதற்கு ஒரு ஷார்ட்கட் போட்டு, ‘கோளாறு பதிவு’ என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். போன வாரம் நான் லீவு. அன்று ஃப்ரீ கணக்கில் ஏதோ தவறியிருக்கிறது, தம்பி யாரையும் கேட்காமல் தானே பதிந்து அனுப்பியிருக்கிறான். மறுநாள் வந்து திறந்து பார்த்தேன். 5 படி. நாலாவது படியில் கட்டம் போட்டு எழுதியிருந்தான்: “20 எடுத்தால் 2 ஃப்ரீ வர வேண்டும். 1 தான் வருகிறது. 10 எடுத்தால் 1 சரியாக வருகிறது. காரணம் தெரியவில்லை.”